இங்கே நேயர் விருப்பம் கிடையாது

1

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் இடத்தில் பெண்கள் மேடையேறி உடையைக் களைந்து ஆடுவார்கள். ஆண்கள் காசு கொடுத்து உட்கார்ந்து பார்ப்பார்கள். டெக்சஸில் இது சட்டப்படி நடக்கும் தொழில். உரிமம், வரி, தீயணைப்புத் துறையின் சோதனை எல்லாம் உண்டு. பக்கத்தைத் திருப்ப நினைப்பவர்கள் இங்கேயே திருப்பிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஒரு தகவல்: நான் ஆடுவதில்லை. பாட்டுப் போடுகிறேன்.

இர்விங் வந்து இந்த மாதத்தோடு நான்கு வருடம் ஆகிறது. நான்கு வருடம் ஒரே ஊரில் இருப்பது என் வாழ்க்கையில் பெரிய விஷயம். அதைப் பற்றி ஏதாவது எழுதலாம் என்றிருந்தபோதுதான் போன திங்கட்கிழமை அந்த அட்டைகள் வந்தன.

எனக்குப் பகல் ஷிஃப்ட். முன்மதியம் கடை திறக்கும், மகள் பள்ளி விட்டு வருவதற்குள் என் வேலை முடிந்துவிடும். மதியத்தில் அங்கே சாப்பாடும் உண்டு. பக்கத்து லாஸ் கொலீனாஸ் ஆபீஸ்களிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டபடியே வருவார்கள். கோழி இறக்கையும் மக்ரோனியும் தட்டில் எடுத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் உட்காருவார்கள். அந்த மேசைகள் ஒவ்வொன்றிலும் திங்கட்கிழமை ஒரு சின்ன அட்டை நின்றது. அதில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சதுரம். போனைக் காட்டினால் பாட்டுகள் வரும். கீழே எழுதியிருந்தது: ‘அவள் எதற்கு ஆட வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்.’

அதைப் படித்ததும் என் வாயில் வந்த சொல் ‘நேயர் விருப்பம்’.

2

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. பதினாறு வயதில் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். மெலடி பாட இன்னொருத்தி இருந்தாள், எனக்குக் குத்துப்பாட்டு. திருவிழா மேடைகளுக்குக் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். பாட்டின் முதல் வரி, அனுப்பியவர் பெயர், அவர் வகிக்கும் பதவி. சீட்டோடு ரூபாய் நோட்டையும் குத்தி அனுப்பியிருந்தால் அது வேண்டுகோள் இல்லை, உத்தரவு. குழுத் தலைவர் மைக்கில் “அடுத்து நேயர் விருப்பம்!” என்பார். வானொலியில் கேட்டுப் பழகிய மரியாதையான சொல். அதைக் கேட்டதும் நான் எழுந்து நிற்க வேண்டும்.

சில சீட்டுகள் பாட்டைக் கேட்கவே வராது. நான் கட்டியிருக்கும் சேலையின் நிறத்தைக் கிண்டல் செய்யும் வரி எந்தப் பாட்டில் இருக்கிறதோ, அந்தப் பாட்டைக் கேட்பார்கள். நான் பாடுவேன். கூட்டம் சிரிக்கும். “ஒன்ஸ்மோர்” என்று கத்தும். மறுபடி பாடுவேன்.

பிறகு பினாங்கில் ஒரு ஹோட்டல், துபாயில் ஒரு பார். அங்கே என்னைப் பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கல்யாணம் செய்து நியூ ஜெர்சிக்கு, பிளெய்ன்ஸ்பரோவுக்குக் கூட்டிவந்தார். கெட்டவர் இல்லை. இனிப் பாட்டு வேண்டாம் என்றார், அவ்வளவுதான். க்ரீன் கார்டு நேர்காணலில் அதிகாரி என்னிடம், “உன் கணவருக்குப் பிடித்த பாட்டு எது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒன்றைச் சொன்னேன். கணவரும் தலையாட்டினார். இருவரும் சேர்ந்து சொன்ன பொய்யில் எனக்கு இந்த நாடு கிடைத்தது.

அவரை விட்டு மகளோடு கிளம்பி சன்னிவேலில் ஒரு டேகேரில் சேர்ந்தேன். பிள்ளைகளைத் தூங்கவைப்பது வேலை. என்னென்ன பாடலாம் என்று அங்கே சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். வாடகை கட்டுப்படியாகாமல் அங்கிருந்து டெக்சஸ். இந்த கிளப்பில் முதலில் சமையலறையில்தான் சேர்ந்தேன். பகலில் பாட்டுப் போட்டவன் ஒரு நாள் சொல்லாமல் ஹூஸ்டனுக்குப் போய்விட்டான். பாட்டு மிக்ஸரைத் தொடத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

3

இந்த இடத்தில் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எல்லோரும் பேசுவது ஆங்கிலம். ஆனால் அந்தப் பெண்கள் பேசுவது என் காதில் மதுரைத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் அவர்கள் என்னை ‘மாமா’ என்றார்கள். அவர்கள் ஊரில் அது அம்மாவைக் கூப்பிடும் பாசமான சொல். எங்கள் ஊரில் அதற்கு இரண்டு அர்த்தம், இரண்டுமே எனக்கு ஆகாது, அதிலும் இந்த மாதிரி இடத்தில் இரண்டாவது அர்த்தம் ஆகவே ஆகாது என்று விளக்கினேன். ஒரு வாரம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ‘அக்கா’ என்று சொல்லிக் கொடுத்தேன், அவர்கள் வாயில் அது ‘ஆக்கா’ ஆனது.

ரெனே என்பவள்தான் பகல் ஷிஃப்டில் மூத்தவள். மேடைப் பெயர்தான், உண்மைப் பெயரை நான் எழுத மாட்டேன். நாற்பதை நெருங்குகிறாள், ஆறு வயதில் ஒரு பையன். என் முதல் வாரத்தில் ஒரு ஆள் வந்து, அவள் ஆடும்போது வேறு பாட்டைப் போடச் சொன்னான். நான் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன். ரெனே ஆட்டத்தை நிறுத்தி, இறங்கி, நேராக நான் பாட்டுப் போடும் கூண்டுக்கு வந்தாள்.

“யாரைக் கேட்டு மாத்துன?”

“அவர் கேட்டாரு.”

“அவனா ஆடுறான்? என் பாட்டுல கை வைக்கிறதும் என் மேல கை வைக்கிறதும் எனக்கு ஒண்ணுதான். ரெண்டுக்கும் இந்த ஊர்ல என்னைக் கேக்கணும்.”

அதன் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். ஆளுக்கு இரண்டு பாட்டு. முதல் பாட்டில் உடை இருக்கும், இரண்டாவதில் குறையும். ரெனே முதலில் எப்போதும் மெதுவான, கனத்த குரலுள்ள ஒரு பாட்டியின் பழைய பாட்டைத்தான் எடுப்பாள். சாப்பிட்டுக்கொண்டே வேகமாகக் குடிப்பவர்கள் அந்தப் பாட்டில் வேகத்தைக் குறைப்பார்கள். குடி நிதானமாகும், வாய் நிதானமாகும், கையும் நிதானமாகும். சத்தம் போட்டு அடக்க முடியாத மேசையை அவள் தாளத்தை வைத்து அடக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

யாராவது எல்லை மீறினால் அவள் காதுக் கம்மலைத் தொடுவாள். நான் உடனே கடகடவென்று டிரம்ஸ் வரும் பாட்டுக்கு மாறுவேன். உள்ளே உடை மாற்றிக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் வாசலில் நிற்கும் காவல்காரருக்கும் அதுதான் செய்தி: அந்த மேசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களுக்கு அது வெறும் பாட்டு.

ஒருவன் வாராவாரம் வந்தான். ரெனே ஆடும் ஒரு பாட்டை ‘நம்ம பாட்டு’ என்று சொல்ல ஆரம்பித்தான். பிறகு அவள் கார் நிற்கும் இடத்தில் காத்திருந்தான். ரெனே அவனிடம் எதுவும் பேசவில்லை. அந்தப் பாட்டையே விட்டுவிட்டாள். அடுத்த மூன்று வாரம் வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், பிறகு வரவேயில்லை. காவல்காரர் சொல்லிக் கேட்காதவன் அவன்.

இன்னொன்றும் உண்டு. உள்ளறையில் தனியாக ஆடுவதற்குப் பாட்டுக் கணக்கில்தான் கூலி. பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் வேலை. முட்டி வலிக்கிற அன்று அவர்கள் சின்னப் பாட்டாகச் சொல்வார்கள். பாட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் கடிகாரம்.

4

இதையெல்லாம் இங்குள்ள தமிழர்களிடம் நான் சொன்னதில்லை. அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் பொங்கல் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. எல்லோரும் ஐடி. பட்டுச்சேலையில் இருந்த ஒரு பெண் என்னிடம் கேட்டார்.

“நீங்க எங்க வொர்க் பண்றீங்க ஆன்ட்டி?”

“ஆடியோ சைடு.”

“ஓ, ஆடி-யா! எந்த ஷோரூம்? நாங்களே ஒண்ணு லீஸ் பண்ணலாம்னு லுக் பண்ணிட்டிருக்கோம். எம்ப்ளாயி டிஸ்கவுன்ட் ஏதாச்சும் வாங்கித் தருவீங்களா?”

பார்க்கலாம் என்றேன். இப்போதும் லிஃப்டில் பார்த்தால் கேட்கிறார்.

மகள் யாழினிக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. ஓட்டுநர் பழகுரிமம் வாங்கிவிட்டாள். பக்கத்தில் நான் உட்கார, அவள் ஓட்டுவாள். முதல் நாளே என் பாட்டை நிறுத்திவிட்டுத் தன்னுடையதைப் போட்டாள்.

“ஏண்டி, அது பாட்டுக்குப் பாடிட்டுதான இருந்துச்சு?”

“டிரைவர் பிக்ஸ் த மியூசிக், அம்மா. தட்ஸ் த ரூல்.”

தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருவது எனக்குப் பழகிவிட்டது. அவள் பாட்டில் ஒரு சொல்லும் புரிவதில்லை. அவள் என்னிடமிருந்து தூரமாகப் போகும் வேகம் அந்தப் பாட்டுகளின் வேகமாகத்தான் எனக்குக் கேட்கிறது. ஆனாலும் அந்த விதியோடு எனக்குச் சண்டையில்லை. ஓட்டுகிறவள் கையில் பாட்டு இருப்பது நியாயம்தான்.

5

அட்டைகளைக் கொண்டுவந்தவன் கைல், புது மேனேஜர். முப்பது வயதிருக்கும். அவன் ஆங்கிலம் மட்டும் என் காதில் வங்கி லோன் பிரிவுத் தமிழாக விழும்.

“ஆக்கா, இது கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ். அவங்க போன்லேர்ந்து பாட்டு நேரா உங்க மெஷினுக்கு வந்துடும். உங்களுக்கும் வேலை மிச்சம்.”

திங்கட்கிழமையே ஒருவன் உள்ளறைக்குப் போகும் முன், முடியவே முடியாத ஒரு கிட்டார் பாட்டைத் தேர்ந்தெடுத்தான். கோகோ என்ற சின்னப் பெண், ஒரு பாட்டின் கூலிக்கு வியர்க்க வியர்க்க ஆடிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். இது ஆரம்பம்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான்கு பேர் வந்தார்கள். கழுத்து அட்டைகள், ஒரே கம்பெனி. மேடையில் ரெனே. முதல் பாட்டு அவளுடையது இல்லை என்றாலும் சமாளித்தாள். இரண்டாவது பாட்டு என் திரைக்கு வந்ததும் நான் கைலைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது மழலையர் பள்ளியில் கைதட்டிப் பாடும் பிள்ளைப் பாட்டு.

“காசு கட்டியிருக்காங்க. போடுங்க,” என்றான்.

“இவளுக்குப் புள்ள இருக்கு. அதை யாரோ அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க.”

“ஜோக் ஆக்கா, ஜோக். போடுங்க.”

அவன் கையே நீண்டு பொத்தானை அழுத்தியது. வாத்துகளும் பன்றிகளும் கத்தும் அந்தப் பாட்டு கூடம் முழுக்க ஒலித்தது. நான்கு பேரும் மேசையைத் தட்டிக்கொண்டு சேர்ந்து பாடினார்கள். பாதி உடையில் நின்ற ரெனே கம்மலைத் தொட்டாள். கைல் என் கையைப் பிடித்திருந்தான். அவள் மறுபடி தொட்டாள். பிறகு மேடையின் விளிம்பில் கிடந்த தன் மேலங்கியை எடுத்து, பொத்தான் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஓடவில்லை.

6

உடை மாற்றும் அறையில் ஆறேழு பெண்கள் கூடிவிட்டார்கள். ரெனே அழவில்லை. காலணியின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு எம்புள்ள அந்தப் பாட்டைப் பாடிக்கிட்டே கார்ல ஏறுவான். எனக்கு இந்த நாய்ங்க மூஞ்சிதான் ஞாபகம் வரும். என் உடம்பைப் பாக்கக் காசு வாங்குனேன். என் வீட்டுக்குள்ள வர வாங்கல.”

“வேற கிளப் போயிருவோமா?” என்றாள் கோகோ.

“அங்கயும் நாளைக்கு இந்த அட்டை வரும்டி. இங்கயே இதை எடுக்க வைக்கணும்.”

நான் என் ஊர்க் கதையைச் சொன்னேன். சீட்டு, குண்டூசி, சேலை நிறம், ஒன்ஸ்மோர். அதற்கு எங்கள் மொழியில் பெயரே இருக்கிறது என்றேன். என்ன பெயர் என்று கேட்டார்கள். நேயர் என்றால் கேட்பவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அவசரத்தில் ஆங்கிலச் சொல் அகப்படவில்லை. நேயம் என்றால் அன்பு. ஆகவே, “லவர்ஸ் விஷ்” என்று சொல்லிவிட்டேன்.

ரெனே சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“லவ்வரா? அந்த நாலு பேருமா? சரி ஆக்கா, லவ் பண்றவன் எவனாச்சும் இருந்தா வரட்டும், அவன் கேக்குற பாட்டுக்கு ஆடுறேன். இங்க ஒருத்தனும் இல்ல. அதனால விருப்பமும் இல்ல.”

நான் தப்பாகச் சொன்னதை விளக்கவில்லை. இத்தனை வருடம் நான் மரியாதையாக நினைத்த ஒரு சொல்லை அவள் பிரித்துப் பார்த்த விதம் எனக்குச் சரியாகவே பட்டது. அன்புள்ளவன்தானே நேயன்? ரூபாயைக் குத்தி அனுப்பியவனுக்கு அந்தப் பெயரை யார் கொடுத்தது?

அப்படியே கைலிடம் போனோம். நானும் கடைசியாக நின்றேன். அட்டைகளை எடுக்கச் சொன்னாள் ரெனே. முடியாது என்றான், இது நிர்வாகத்தின் முடிவு, இங்கே வேலை செய்கிறவர்கள் நிர்வாகம் சொல்வதைத்தான் செய்ய வேண்டும் என்றான்.

“வேலை செய்றவங்களா? போன வருசம் எனக்கு இடுப்புப் பிடிச்சப்ப என்ன சொன்னீங்க? நீங்கள்லாம் எங்க ஊழியர் கிடையாது, தனித்தனிக் கான்ட்ராக்டர், உங்க வேலை உங்க இஷ்டம்னு சொல்லித்தான இன்சூரன்ஸ் இல்லன்னீங்க? அப்ப இஷ்டம் என்னுது. பாட்டும் என்னுது. இல்ல, நான் உங்க ஊழியர்தான்னா அதையும் சொல்லுங்க, சந்தோசமா வக்கீலைப் போய்ப் பாக்குறேன்.”

கைலுக்குக் காது சிவந்தது. அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“ஆனா நீங்க ஊழியர், ஆக்கா. மாசச் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு. நாளைக்கு மெஷின்ல என்ன வருதோ அதைத்தான் நீங்க போடணும். புரிஞ்சுதா?”

புரிந்தது. அந்த இன்சூரன்ஸில்தான் யாழினியின் ஆஸ்துமா மருந்து வருகிறது. வெளியே வந்ததும் ரெனே சொன்னாள்:

“நீ இதுல வராத ஆக்கா. உன்னைய அறுத்து விட்ருவான்.”

“நான் எங்க வர்றேன்? நான் பாட்டுப் போடுறவ. போடுறேன்.”

அன்று மாலை ரயிலில் வீட்டுக்கு வரும்போது, வேலை போனால் எங்கெல்லாம் கேட்கலாம் என்று யோசித்து வைத்துக்கொண்டேன். மளிகைக் கடை, டேகேர், விமான நிலையத்தில் தள்ளுவண்டி. எல்லாம் செய்திருக்கிறேன். பயம் இருந்தது. ஆனால் பயத்தோடு வேலைக்குப் போவது எனக்குப் புதிதில்லை.

7

புதன்கிழமை கூடம் நிறைந்திருந்தது. போன்களிலிருந்து பாட்டுகள் வந்தன. வந்ததை வந்தபடி போட்டேன். மேடைக்கு யாரும் வரவில்லை.

“கூப்பிடுங்க,” என்றான் கைல்.

மைக்கில் ரெனேவைக் கூப்பிட்டேன். வரவில்லை. கோகோவைக் கூப்பிட்டேன். வரவில்லை. ஒவ்வொருத்தியாக, என் குழுத் தலைவர் கூப்பிடும் அதே ராகத்தில், பட்டப்பெயரெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டேன். காலி மேடையில் விளக்குகள் நிறம் மாறிக்கொண்டிருந்தன. காசு கட்டிய பாட்டுகள் வரிசையாக ஓடின. ஒருவன் “என்னய்யா, ரேடியோ கேக்கவா வந்தோம்?” என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். சிலர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

கைல் குனிந்து என் காதில் சொன்னான். “ஏதாவது பேசி உக்கார வைங்க. டெக்னிக்கல் பிராப்ளம்னு சொல்லுங்க.”

பாட்டைக் குறைத்தேன். மைக்கைப் பிடித்தேன். என் ஆங்கிலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வினைச்சொல்லும் காலமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாது. அந்த ஆங்கிலத்தில் சொன்னேன்:

“ஐயாமார்களே, டெக்னிக்கல் பிராப்ளம் எதுவும் இல்லை. ஆடுகிற பெண்கள் பாட்டை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் இல்லை. உங்களுக்குப் பாட்டு வேண்டுமா, ஆட்டம் வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.”

முன்வரிசையில், தினமும் தனியாக வந்து சாப்பிட்டுப் போகும் ஒரு பெரியவர் தன் மேசை அட்டையைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்து மேசைக்காரன் அதைப் பார்த்துத் தானும் கவிழ்த்தான். எல்லோரும் செய்துவிடவில்லை. பாதிப் பேர் செய்திருப்பார்கள். பாதியே போதுமானதாக இருந்தது.

“இப்படிச் சொல்லச் சொல்லி யார் சொன்னது?” என்றான் கைல்.

“யாரும் சொல்லல.”

அப்படிச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. மைக் பிடித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. யாரும் கேட்காமல், யாரும் எழுதிக் கொடுக்காமல் நானாக அதில் சொன்னது இதுதான் முதல் முறை.

என் வேலை இருக்கிறதா என்று இதை எழுதும்வரை தெரியாது. வெள்ளிக்கிழமை மேலாளருக்கு மேலாளரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் போவேன். சொன்னதைத்தான் அங்கேயும் சொல்வேன். கைல் வேறு எதையாவது கொண்டுவருவான், அப்படிப்பட்டவன்தான். ஆனால் அன்று, எழுந்த ஆட்கள் வாசல் பக்கம் நகர்வதைப் பார்த்ததும், மேசை மேசையாகப் போய் அட்டைகளைத் தன் கையாலேயே பொறுக்கினான். கை நிறைய அட்டைகளோடு உடை மாற்றும் அறை வாசலில் போய் நின்றான். என் கூண்டிலிருந்து அந்த வாசல் நன்றாகத் தெரியும். உள்ளே ரெனே மேலங்கியோடு உட்கார்ந்து மக்ரோனி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்றான் கைல். “என்ன பாட்டுதான் வேணும்?”

ரெனே நிமிர்ந்து பார்த்தாள். வாயில் இருந்ததை மென்று முடித்தாள்.

“சாப்பிட்டுட்டுச் சொல்றேன்.”

நான் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள்.